அசிட்டோநைட்ரைல் தட்டுப்பாடு, 2008–09: ஓர் ஆய்வகச் செலவுக் கணக்கு

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மருந்துகளையும் புரதங்களையும் பகுத்தாயும் ஆய்வகங்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஒரே சிக்கலில் மாட்டிக்கொண்டன. கலவைகளை ஒரு குழல் வழியே செலுத்திப் பிரித்தறியும், எச்.பி.எல்.சி. எனப்படும் உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகைக் கருவிக்கு அன்றாடம் தேவைப்படும் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானின் விலை சில மாதங்களில் பல மடங்கு உயர்ந்தது. பணம் கொடுத்தாலும் கேட்ட அளவு கிடைக்கவில்லை. விற்கும் கம்பெனிகள், ஒவ்வோர் ஆய்வகமும் முந்தைய ஆண்டுகளில் வாங்கிய அளவைப் பார்த்து, அதில் ஒரு பங்கை மட்டும் ஒதுக்கித் தந்தன. 2009ஆம் ஆண்டு நடுவில் நிலைமை படிப்படியாகச் சீரடைந்தது.

ஆய்வகப் பொருள்களின் விலையேற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு இந்த நிகழ்வை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இதன் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரியும். அன்று முயன்று பார்க்கப்பட்ட வழிகள் ஒவ்வொன்றையும் இன்று தாளும் பேனாவும் கொண்டு சரிபார்க்கலாம். பேரம் பேசியவர்களையும் பதுக்கி வைத்தவர்களையும்விட, ஒரு மாதிரிக்கு எத்தனை மில்லி செலவாகிறது என்று கணக்கெடுத்தவர்களே அதிகம் மிச்சப்படுத்தினார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

துணை விளைபொருளின் தலையெழுத்து

அசிட்டோநைட்ரைலின் பெரும்பகுதி அதற்கென்றே தயாரிக்கப்படுவதில்லை. புரோப்பிலீன், அம்மோனியா, காற்று ஆகிய மூன்றையும் வினையூக்கியின் மேல் செலுத்தி அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது, அதோடு கூடவே சிறிதளவு உண்டாகும் பொருள் இது. ஒஹாயோவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் 1950களில் கண்டுபிடித்து 1960இல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்த சோஹியோ முறை என்பது இதுதான். நூறு கிலோ அக்ரிலோநைட்ரைலுக்குச் சில கிலோ அசிட்டோநைட்ரைல் மட்டுமே கிடைக்கும். அதையும் பிரித்தெடுத்துச் சுத்தப்படுத்தும் மெனக்கெடு எதற்கு என்று எரித்துவிடும் ஆலைகளும் உண்டு.

அக்ரிலோநைட்ரைலோ அக்ரிலிக் இழைக்கும், கார் பாகங்களிலும் மின்னணுப் பொருள்களின் உறைகளிலும் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருள். 2008 செப்டம்பரில் அமெரிக்க நிதிச்சந்தை சரிந்தபின் கார் விற்பனை விழுந்தது. கார் விற்பனையோடு ஏ.பி.எஸ். தேவையும், அதோடு அக்ரிலோநைட்ரைல் உற்பத்தியும் விழுந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடந்த பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளுக்காகக் காற்று மாசைக் குறைக்கச் சீனாவில் பல தொழிற்சாலைகள் முன்னதாகவே நிறுத்தப்பட்டிருந்தன. செப்டம்பர் 13ஆம் தேதி டெக்சாஸ் கரையைக் கடந்த ஐக் புயல் அமெரிக்க உற்பத்தியையும் தடுத்தது. தனித்தனியே வந்திருந்தால் சந்தை தாங்கியிருக்கக்கூடிய மூன்று அடிகள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விழுந்தன.

இதில் ஆய்வகம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாதாரணமாக ஒரு பொருளின் விலை ஏறினால், இலாபம் கருதி உற்பத்தி கூடும். கூடிய உற்பத்தி விலையை மீண்டும் இறக்கும். துணை விளைபொருளுக்கு இந்த விதி முழுமையாகப் பொருந்தாது. கரைப்பானை விற்று வரும் காசுக்காக எந்த ஆலையும், விற்பனையாகாத அக்ரிலோநைட்ரைலை டன் கணக்கில் செய்து குவிக்காது. அதாவது, மதுரையிலோ மான்செஸ்டரிலோ உள்ள ஓர் ஆய்வகத்தின் கரைப்பான் செலவை முடிவு செய்தது டெட்ராய்ட்டின் கார் விற்பனை. அத்தகைய சந்தையில் விநியோகஸ்தரிடம் போய் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி கேட்பதால் ஆகப்போவது மிகக் குறைவு. அன்று பல நிறுவனங்களின் கொள்முதல் பிரிவுகள் முதலில் செய்தது என்னவோ அதைத்தான்.

ஒரு கருவி குடிக்கும் அளவு

அன்றைக்குப் பெரும்பாலான ஆய்வகங்களில் இருந்த அமைப்பையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வண்ணப்பிரிகைக் குழலின் உள்விட்டம் 4.6 மில்லிமீட்டர், நீளம் 250 மில்லிமீட்டர், உள்ளே நிரப்பிய சிலிக்காத் துகளின் அளவு 5 மைக்ரான். ஓட்டம் நிமிடத்துக்கு 1 மில்லி. ஓடும் கலவையில் 60 விழுக்காடு அசிட்டோநைட்ரைல், மீதி நீர். எட்டு மணி நேரம் ஓடினால் 480 மில்லி கலவை தீரும். அதில் அசிட்டோநைட்ரைல் 288 மில்லி. மாதத்துக்கு இருபது வேலை நாள் என்றால் 5.76 லிட்டர், அதாவது 2.5 லிட்டர் பாட்டிலில் இரண்டுக்கும் மேல். இது ஒரு கருவிக்கான கணக்கு மட்டுமே.

இந்தக் கணக்கில் சேராத செலவு ஒன்று இருக்கிறது. மாலையில் கருவியை நிறுத்தாமல், குழல் காய்ந்துவிடக் கூடாது என்று நிமிடத்துக்கு 0.2 மில்லி வீதம் இரவு முழுவதும் ஓடவிட்டுப் போவது பல இடங்களில் வழக்கம். பதினான்கு மணி நேரத்தில் 168 மில்லி கலவை, அதாவது ஏறத்தாழ 100 மில்லி அசிட்டோநைட்ரைல், ஒரு மாதிரியையும் பகுத்தாயாமல் கழிவுக் கேனுக்குப் போய்விடுகிறது. ஓடும் கலவையில் உப்பு சேர்த்திருந்தால் அதை நன்றாகக் கழுவி வெளியேற்றி, குழலில் கரைப்பானை நிரப்பி, இரு முனைகளையும் மூடி வைத்தாலே குழல் கெடாது. பகல் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இந்த இரவுச் செலவைக் குறைக்கப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. மாலையில் கூடுதலாக அரைமணி நேரம் இருக்க ஒருவர் போதும்.

எதற்கு எந்தத் தரம் என்பதும் இதே வகைதான். நிறமாலைத் தரத்துக்குச் சுத்தப்படுத்திய விலையுயர்ந்த கரைப்பானைக் கொண்டு கண்ணாடிக் குடுவைகளை அலசுவது, விலை மலிந்திருந்தபோது யார் கண்ணிலும் படவில்லை.

மெத்தனாலுக்கு மாறுதல்

தட்டுப்பாடு தொடங்கியதும் எல்லோருக்கும் முதலில் தோன்றியது மெத்தனால். விலை குறைவு, கிடைப்பதில் சிரமமில்லை, ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் பொருள். 50 விழுக்காடு அசிட்டோநைட்ரைலுக்கு ஈடான கரைதிறன் ஏறத்தாழ 60 விழுக்காடு மெத்தனாலில் கிடைக்கும் என்பதால், கலவையைத் திருத்திக்கொண்டு தொடங்கிவிடலாம் என்று பலரும் எண்ணினார்கள். பல முறைகளில் அது நடக்கவும் செய்தது. நடக்காத இடங்களில் இடர் மூன்று வகையாக வந்தது.

முதலாவது அழுத்தம். நீரும் மெத்தனாலும் சரிபாதி அளவில் கலக்கும்போது அக்கலவை இரண்டில் எதனையும்விடக் கெட்டியாகி, அதே ஓட்டத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தம் வேண்டியிருக்கும். பழைய பம்புகள் திணறும். குழலை 40 பாகை வெப்பத்தில் வைத்தால் ஓரளவு குறையும். இரண்டாவது ஒளி. குழலிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு பொருளையும் கருவி புறஊதா ஒளியில் அளந்து, வரைபடத்தில் ஒரு சிகரமாகக் காட்டும். அசிட்டோநைட்ரைல் 190 நானோமீட்டர் வரை புறஊதா ஒளியைத் தன் ஊடே செல்லவிடும். மெத்தனால் 205க்குக் கீழே தானே ஒளியை உறிஞ்சும். 254 நானோமீட்டரில் பார்க்கப்படும் மருந்துக்கு இதனால் பாதகம் இல்லை. ஆனால் புரதத் துண்டுகளான பெப்டைடுகளைப் பார்க்கும் 214 நானோமீட்டர் பகுதியில் அடிக்கோடு இரைச்சலாகி, சிறிய சிகரங்கள் அதில் மூழ்கிவிடும். மூன்றாவது, சிகரங்களின் வரிசையே மாறிவிடுவது. இரு கரைப்பான்களும் மூலக்கூறுகளோடு உறவாடும் விதம் வேறு. அதனால் முன்பு தனித்தனியே நின்ற இரண்டு சிகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழலாம், முன்பு ஒட்டியிருந்தவை நன்றாகப் பிரியவும் செய்யலாம்.

கையில் எடுத்துக் கலக்கும்போதே இந்த வேறுபாடு தெரியும். மெத்தனாலை நீரில் ஊற்றினால் குடுவை வெதுவெதுப்பாகும்; அசிட்டோநைட்ரைலை ஊற்றினால் குடுவையின் வெளிப்புறம் வியர்க்கும் அளவுக்குக் குளிரும். இரண்டையும் தனித்தனியே அளந்து கலந்து, அறை வெப்பத்துக்கு வந்தபின்தான் கருவியில் வைக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே வைத்தால் சிகரங்களின் நேரம் நாளுக்கொன்றாக நகரும். பழி குழலின்மேல் விழும்.

குழலைக் குறுக்குதல்

உண்மையான சேமிப்பு இருந்தது குழலின் விட்டத்தில். ஒரே வேகத்தில் கரைப்பான் நகர வேண்டுமானால் ஓட்டத்தின் அளவு, விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாற வேண்டும். 4.6 மில்லிமீட்டர் குழலுக்குப் பதிலாக 2.1 மில்லிமீட்டர் குழலைப் பொருத்தினால் ஓட்டம் நிமிடத்துக்கு 1 மில்லியிலிருந்து 0.21 மில்லியாகக் குறையும். மேலே சொன்ன கருவி நாள் ஒன்றுக்கு 288 மில்லிக்குப் பதிலாக 60 மில்லி அசிட்டோநைட்ரைலில் அதே எண்ணிக்கையிலான மாதிரிகளை முடித்துவிடும். பழைய குழலில் இரவில் சும்மா ஓடிய 100 மில்லியைவிட இது குறைவு.

இதை விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கரைப்பான் விலை மூன்று மடங்கு ஏறியதாக வைத்துக்கொண்டால், பத்து விழுக்காடு தள்ளுபடி பெற்ற ஆய்வகம் பழைய செலவைப் போல் 2.7 மடங்கு செலவழிக்கும். தள்ளுபடியே பெறாமல் குழலை மாற்றிய ஆய்வகத்தின் செலவு 0.63 மடங்கு, அதாவது விலையேற்றத்துக்கு முன்பிருந்ததைவிடவும் கீழே. புதுக் குழலின் விலையை இதோடு சேர்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் அன்றாடம் ஓடும் கருவியில் அந்த முதலீடு திரும்ப அதிக காலம் ஆகாது. மாதம் நான்கு நாள் ஓடும் கருவிக்குத்தான் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் மாறவில்லை? கருவியின் மற்றப் பாகங்கள் 4.6 மில்லிமீட்டர் குழலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. குறுகிய குழலிலிருந்து வெளிவரும் சிகரத்தின் கனவளவு மிகச் சிறியது. அது நீண்ட இணைப்புக் குழாய்களிலும் வெளிவருவதை அளக்கும் கண்டறிவியின் பெரிய கலத்திலும் பயணம் செய்யும்போது பரவிவிடும். குழல் பிரித்ததைக் குழாய் கலைத்துவிடும். செலுத்தும் மாதிரியின் அளவையும் ஐந்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். கலவையின் விகிதத்தை நேரத்தோடு மாற்றும் முறைகளில் இன்னொரு தொல்லை: பம்புக்கும் குழலுக்கும் இடையில் 1 மில்லி இடம் இருந்தால், நிமிடத்துக்கு 1 மில்லி ஓட்டத்தில் ஒரு நிமிடத்தில் வந்து சேரும் மாற்றம், 0.2 மில்லி ஓட்டத்தில் ஐந்து நிமிடம் கழித்துத்தான் குழலை எட்டும். மெல்லிய இணைப்புக் குழாய்களைக் குட்டையாக வெட்டிப் போட்டு, சிறிய கலத்தை வாங்கி மாட்டியவர்களுக்கே 2.1 மில்லிமீட்டர் குழல் பலன் தந்தது.

பழைய கருவியை வைத்துக்கொண்டு சிக்கனம் தேடியவர்களுக்கு நடுவழி ஒன்று இருந்தது. என் மதிப்பில் அன்று அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டிய வழி அதுவே. விட்டம் 3 மில்லிமீட்டர், நீளம் 150 மில்லிமீட்டர், துகள் 3 மைக்ரான் கொண்ட குழல். பிரிக்கும் திறன், நீளத்தைத் துகளின் அளவால் வகுத்துக் கிடைப்பதைப் பொறுத்தது: 250ஐ 5ஆல் வகுத்தாலும் 150ஐ 3ஆல் வகுத்தாலும் 50தான். பிரிகை குறையாமல் நேரம் ஐந்தில் மூன்றாகச் சுருங்கும். விட்டம் குறைந்ததால் ஓட்டம் 0.43 மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் ஒரு மாதிரிக்கான கரைப்பான் ஏறத்தாழக் கால்பங்கு. அழுத்தம் 1.7 மடங்கு உயரும். அசிட்டோநைட்ரைல் கலவையில் அதைச் சாதாரண பம்பே தாங்கும். இணைப்புக் குழாய்களில் சிறு திருத்தம் போதும். கரைப்பானோடு நேரமும் மிச்சமாவதால், கருவிக்காகக் காத்திருக்கும் மாணவர்களின் வரிசையும் குறையும்.

கழிவைக் காய்ச்சி மீட்கலாமா என்றும் பலர் கேட்டார்கள். அசிட்டோநைட்ரைலும் நீரும் 76 பாகையில் ஒன்றாகவே கொதித்து ஒன்றாகவே வடியும். எத்தனை முறை காய்ச்சினாலும் எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் கூடவே வரும். அழுத்தத்தை மாற்றி இருமுறை வடிக்கும் அமைப்பு வேண்டும். அது ஆலைக்குச் சரி, ஆய்வகத்துக்குப் பொருந்தாது. விகிதம் மாறாத கலவையில் ஓடும் முறைகளுக்கு மட்டும், சிகரம் வெளிவரும் நேரத்தில் கழிவுக்கும் மற்ற நேரத்தில் மீண்டும் பாட்டிலுக்கும் திருப்பிவிடும் வால்வு உதவியது.

யாருக்குக் கை கட்டப்பட்டிருந்தது

மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களுக்கு இந்தத் தெரிவுகள் அனைத்தும் திறந்திருக்கவில்லை. ஒரு மருந்தின் சோதனை முறை மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவானபின், கரைப்பானை மாற்றினால் அந்த முறையை மறுபடியும் முழுமையாகச் சரிபார்த்து அனுமதி பெற வேண்டும். மருந்துகளின் தரவிதித் தொகுப்பான அமெரிக்க மருந்துநூல், குழலின் நீளத்திலும் விட்டத்திலும் துகளின் அளவிலும் குறிப்பிட்ட எல்லைக்குள் திருத்தத்தை அன்றும் அனுமதித்தது. அசிட்டோநைட்ரைலை மெத்தனாலாக்குவது அந்த எல்லைக்குள் வராது. ஆகவே சட்டத்தின் பார்வையில் எளிதான வழியும், கணக்கின் பார்வையில் சிறந்த வழியும் ஒன்றாகவே இருந்தன: குழலை மாற்றுவது. இருந்தும் பல நிறுவனங்கள், எழுதிய முறையைத் தொட அஞ்சி, ஏறிய விலையைக் கொடுத்தன. அவர்களால் அது முடியும். ஒரு நாள் உற்பத்தி நிற்பதன் நட்டத்தோடு ஒப்பிட்டால் கரைப்பானின் விலை ஒன்றுமில்லை.

டி.என்.ஏ. துண்டுகளைச் செயற்கையாகத் தொகுக்கும் கூடங்கள் மறுகோடியில் இருந்தன. அங்கே அசிட்டோநைட்ரைல் வினை நடக்கும் ஊடகம், ஒவ்வொரு படிக்கும் நடுவே கழுவும் நீர்மம். குழல் விட்டத்தைக் குறைத்துத் தப்பிக்கும் பேச்சே இல்லை. நுண்குழல்களைப் பயன்படுத்தும் புரதவியல் ஆய்வகங்களை மட்டும் நெருக்கடி தொடவே இல்லை என்று சொல்லலாம். நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் ஓடும் அவர்களுடைய நுண்குழலில் எட்டு மணி நேர ஓட்டத்துக்கு 144 மைக்ரோலிட்டர் போதும், மூன்று நான்கு சொட்டு.

எதையும் மாற்றும் உரிமை இருந்தும் மெதுவாக நகர்ந்தவை பல்கலைக்கழக ஆய்வகங்கள். கரைப்பான் செலவு துறையின் பொதுக் கணக்கில் போகும் இடத்தில், கருவியை ஓட்டும் மாணவருக்கு ஒரு லிட்டர் என்ன விலை என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பதுக்கலும் அங்கேதான் அதிகம். ஆளுக்கு இரண்டு பாட்டில் அலமாரியின் பின்வரிசைக்குப் போனால், துறை முழுவதற்கும் தட்டுப்பாடு தானாக வந்துவிடும். எளிதில் தீப்பற்றும் பொருளை அப்படிச் சேர்த்து வைப்பது வேறு ஆபத்து.

இந்திய ஆய்வகத்தில் இதே கணக்கு

இந்தியாவில் அசிட்டிக் அமிலத்தையும் அம்மோனியாவையும் கொண்டு அசிட்டோநைட்ரைலை நேரடியாகவே தயாரிக்கும் ஆலைகள் இப்போது உள்ளன. அந்த வழியில் வரும் பொருள் அக்ரிலோநைட்ரைல் சந்தையை நம்பி இல்லை. ஆகவே 2008இன் அதே அடி அதே இடத்தில் விழும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அண்மை ஆண்டுகளில் அரசு நிதியில் இயங்கும் ஆய்வகங்களின் செலவை ஏற்றியது பற்றாக்குறையைவிட, வரியும் நாணய மதிப்பும்தான்.

பொதுநிதி ஆய்வு நிறுவனங்களுக்கு 2017 நவம்பரிலிருந்து கருவிகளுக்கும் நுகர்பொருள்களுக்கும் 5 விழுக்காடு என்று இருந்த ஜி.எஸ்.டி. சலுகை 2022 ஜூலை 18 முதல் விலக்கப்பட்டது. 18 விழுக்காடு வரி உள்ள பொருளுக்கு 105 ரூபாய் கொடுத்த இடத்தில் 118 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. 2020 தொடக்கத்தில் டாலருக்கு 71 ரூபாய் அளவில் இருந்த மதிப்பு 2023 இறுதியில் 83 ஆனது. இரண்டையும் சேர்த்தால், விற்பவர் ஒரு டாலர்கூட ஏற்றாத நிலையிலும் இறக்குமதிப் பொருளின் விலை 31 விழுக்காடு உயர்ந்திருக்கும். மூன்றாண்டுத் திட்டத்துக்கு நுகர்பொருள் தலைப்பில் முதலாண்டே முடிவாகிவிட்ட தொகையோ ஒரு ரூபாயும் உயராது.

2024 ஜூலை 23 அன்று தாக்கலான நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டம், 500 கிராம் அல்லது 500 மில்லிக்கு மேற்படாத பொதிகளில் வரும் ஆய்வக வேதிப்பொருள்களின் சுங்க வரியை 10இலிருந்து 150 விழுக்காடாக்கியது. ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பின், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு மீண்டும் 10 ஆக்கப்பட்டது. எத்தனால் மட்டும் சலுகைக்கு வெளியே நின்றது. சில நாள்களே நீடித்த அந்த இடைவெளிக்காக யாரும் ஆய்வுமுறையை மாற்றியிருக்க முடியாது, மாற்றவும் தேவையில்லை. கையில் எத்தனை வாரத்துக்கான இருப்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்; அது தெரியாத ஆய்வகம்தான் அந்த வாரத்தில் பதறியிருக்கும்.

இருப்பைத் திட்டமிட விடாமல் செய்வது நம் நிதியாண்டு முறை. செலவழிக்காத தொகை மார்ச் 31க்குப் பின் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்தில், பயன்பாட்டைப் பார்க்காமல் பிப்ரவரியில் இண்டென்ட் எழுதப்படுகிறது. ஆறு மாதத்தில் காலாவதியாகும் நொதியும் அதே பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்களுக்குக் கொட்டேஷன் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாகவும், கொள்முதல் குழு வழியாக வாங்கும் வரம்பு 25 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கும் கட்டாயத்தை இது தளர்த்துகிறது. காலாண்டுக்கு ஒருமுறை, உண்மையான பயன்பாட்டை வைத்து வாங்க இப்போது விதியில் இடம் உண்டு. அதைச் செய்ய, கருவியின் பக்கத்தில் ஒரு பதிவேடு வேண்டும்: தேதி, ஓட்டிய மாதிரிகள், தீர்ந்த கரைப்பான், திறந்த பாட்டிலின் எண்.

2009இல் அசிட்டோநைட்ரைல் விலை இறங்கியதும் பழைய 4.6 மில்லிமீட்டர் குழல்களுக்கே திரும்பியவர்கள் உண்டு. நிறை நிறமாலைமானியோடு (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) இணைந்த கருவிகளில் 2.1 மில்லிமீட்டர் குழல் இன்று இயல்பாகிவிட்டது என்றாலும், புறஊதாக் கண்டறிவி மட்டும் கொண்ட கல்லூரி, பல்கலைக்கழகக் கருவிகளில் இன்றும் மாட்டியிருப்பது பெரும்பாலும் 250 மில்லிமீட்டர் நீளக் குழல்தான். முறையை எழுதிய மாணவர் பட்டம் பெற்றுப் போயிருப்பார்; அடுத்து வந்தவர் அதே தாளை வைத்து, அதே 1 மில்லி ஓட்டத்தை அமைப்பார்.